ஃபைல் சிஸ்டம் புதிர்ப் பிழை: எஃப்எஸ்செக், டிஸ்க், கெர்னல், பேக்கப் – எதில் முதலில் கை வைப்பது?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வர் திடீரென்று எதையும் எழுத மறுக்கிறது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் லாகைப் பார்த்தால், டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-இன் பிழை, ஏதோ ஓர் ஐனோடு (ஒரு ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) எண், அதன் கீழே ஃபைல் சிஸ்டத்தை ரீட்-ஒன்லியாக மாற்றிவிட்டதாக ஒரு வரி. டிஸ்க் புதியது. மின்சாரம் போகவில்லை. யாரும் எதையும் மாற்றவில்லை என்று சொல்கிறார்கள் (யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள், அது அப்புறம் தெரியவரும்). இந்த நிலையில் நான்கு பேரிடம் யோசனை கேட்டால் நான்கு பதில் கிடைக்கும்: ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்செக்கை ஓட்டு, டிஸ்க்கை மாற்று, பழைய கெர்னலுக்குத் திரும்பு, ஃபார்மேட் செய்துவிட்டு பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொள். நான்குமே ஏதாவது ஒரு சூழலில் சரியான பதில்தான்.

எதை முதலில் செய்வது என்பதில்தான் சிக்கல். எந்தக் காரணத்துக்கு வாய்ப்பு அதிகமோ அதிலிருந்து தொடங்குவது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. நான் வேறு மாதிரி வரிசைப்படுத்துவேன்: எந்த வேலை எதை அழிக்கும் என்று பார்த்து, எதையும் அழிக்காததை முன்னாலும் அதிகம் அழிப்பதைப் பின்னாலும் வைப்பேன். காரணமே தெரியாத பிழையில் வாய்ப்புக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஊகம். ஒரு கட்டளை டிஸ்க்கில் எழுதுமா எழுதாதா என்பதோ உறுதியாகத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

எந்த வழிக்கும் முன்னால்

முதல் ஐந்து நிமிட வேலை எல்லா வழிகளுக்கும் ஒன்றுதான்: கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை அப்படியே வேறொரு இயந்திரத்துக்கு நகல் எடுப்பது. கெர்னல் தன் செய்திகளை வைத்துக்கொள்ளும் இடம் அளவானது. அது நிரம்பியதும் புதிய செய்திகள் பழையவற்றின் மேல் எழுதப்படும். ரூட் ஃபைல் சிஸ்டமே ரீட்-ஒன்லி ஆகியிருந்தால் சிஸ்டம் லாகும் டிஸ்க்குக்குப் போயிருக்காது. அதாவது, நமக்கு மிகவும் தேவையான அந்த முதல் செய்தி நினைவகத்தில் மட்டும் இருக்கலாம். ரீபூட் செய்தால் போயிற்று. இதே இயந்திரத்தில் இது மறுபடியும் வரக்கூடும் என்று தோன்றினால் நெட்கன்சோலை இயக்கி வைத்துவிடுங்கள். கெர்னல் செய்திகளை அது நெட்வொர்க் வழியாக வேறோர் இயந்திரத்துக்கு உடனுக்குடன் அனுப்பிவிடும்.

பலரும் லாகின் கடைசி வரியை எடுத்துத்தான் தேடுகிறார்கள். அது விளைவு மட்டுமே. இஎக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கிலேயே (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பதிவு) முதல் பிழை எப்போது வந்தது, கெர்னலின் எந்தச் செயல்கூறில் வந்தது, எந்த ஐனோடு, கடைசிப் பிழை எப்போது, மொத்தம் எத்தனை என்று குறித்து வைத்திருக்கும். டியூன்2எஃப்எஸ் கட்டளையை ‘-எல்’ (சிறிய எழுத்து) ஆப்ஷனோடு கொடுத்தால் எல்லாம் தெரியும். இந்தக் குறிப்பை அறியாததால் வரும் ஒரு வீண் பயமும் உண்டு. சூப்பர்பிளாக்கில் பழைய பிழை பதிவாகியிருந்தால், ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகி (பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டு) ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறையும், பிறகு 24 மணி நேரத்துக்கு ஒரு முறையும் கெர்னல் அதை நினைவூட்டும். தினமும் ஒரே நேரத்தில் பிழை வருகிறது என்று ஆட்கள் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். வந்திருப்பது புதிய பிழையே அல்ல. எப்போதோ நடந்ததன் நினைவூட்டல்.

அடுத்தது பிழை எண். 5 என்றால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை: கீழேயிருந்து தரவே வந்து சேரவில்லை. 117 என்றால் தரவு வந்துவிட்டது, ஆனால் அதன் உள்ளடக்கம் ஃபைல் சிஸ்டத்தின் விதிகளுக்குப் பொருந்தவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. முதல் வகையில் டிஸ்க், கேபிள், கன்ட்ரோலர் பக்கம் போகலாம். லாகில் செக்டர் எண்ணோடு பிளாக் அடுக்கின் (ஃபைல் சிஸ்டத்துக்கும் டிஸ்க்குக்கும் இடையிலிருக்கும் கெர்னல் பகுதி) புகாரும் கூடவே இருக்கும். இரண்டாவது வகையில், டிஸ்க் “எல்லாம் நலம்” என்று சொல்லிக்கொண்டே தவறான தரவைக் கொடுத்திருக்கிறது. புதிர் பெரும்பாலும் இங்கேதான்.

28 வந்தால் சேதம் என்று நினைத்துக் கலங்கவே வேண்டாம். இடமில்லை என்று அர்த்தம். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை இடம் இருப்பதாகக் காட்டினாலும் ஐனோடுகள் தீர்ந்திருக்கலாம். ஃபைல்களைக் கூட்டினால் இடம் இருக்க வேண்டும், டிஎஃப் இல்லை என்கிறது என்றால், அழித்த பெரிய ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கலாம், இஎக்ஸ்டி4 வழக்கமாக ரூட்டுக்காக ஒதுக்கும் 5 சதவீதத்துக்குள் போயிருக்கலாம். ஃபைல்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபையின் எண்ணிக்கை வரம்பு முட்டினாலும் இதே எண்தான் வரும். அதற்கும் டிஸ்க்குக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

உடனே எஃப்எஸ்செக் ஓட்டுவது

வேகமான வழி, பெரும்பாலானவர்கள் எடுக்கும் வழி. மின்சாரம் போய் இயந்திரம் நின்றது, எழுந்ததும் பிழை என்றால் இதுவே போதும். காரணம் தெரியும், சேதம் எந்த மாதிரி இருக்கும் என்பதும் தெரியும். இயந்திரம் எழும்போது தானாக ஓடும் எஃப்எஸ்செக் பாதுகாப்பான திருத்தங்களை மட்டும் செய்துவிட்டு, சந்தேகம் வந்தால் நின்று ஆளைக் கூப்பிடும். அது நல்ல ஏற்பாடு.

காரணம் தெரியாதபோதுதான் இது மோசமான முதல் அடி. எஃப்எஸ்செக்கின் நோக்கம் ஃபைல் சிஸ்டத்தை முரணில்லாத நிலைக்குக் கொண்டுவருவது. உங்கள் தரவைக் காப்பாற்றுவது அதன் நேரடி வேலை அல்ல. ஒரு டைரக்டரி பிளாக் புரியவில்லை என்றால், அதைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்தவற்றை லாஸ்ட்+ஃபவுண்டில் வெறும் ஐனோடு எண்களைப் பெயராக வைத்துப் போட்டுவிடும். ஃபைல் சிஸ்டத்தின் கணக்கில் அது வெற்றி. இருபதாயிரம் ஃபைல்களுக்குப் பெயர் தேடும் ஆளுக்கு அப்படித் தோன்றாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, கோளாறு ரேமிலோ கன்ட்ரோலரிலோ இருந்தால் வருவது. டிஸ்க்கில் இருப்பது சரியாகவே இருக்கும், படிக்கும்போதுதான் பிழையாகிறது. எஃப்எஸ்செக் அந்தப் பிழையான படத்தைப் பார்த்து, சரியாக இருந்ததைத் “திருத்தி” எழுதிவிடும். முன்பு வெறும் படிப்புக் கோளாறாக இருந்தது இப்போது டிஸ்க்கில் நிரந்தரமாகிவிட்டது. அதோடு, மேலே சொன்ன அந்த முதல் பிழைக் குறிப்பையும் எஃப்எஸ்செக் துடைத்துவிடும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்கு முன்பே பெருக்கித் துடைப்பது போலத்தான்.

எழுதாமல் பார்க்க மட்டும் ‘-என்’ ஆப்ஷன் இருக்கிறது. ஆனால் மவுண்ட் ஆகி எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் அதை ஓட்டினால் இல்லாத பிழைகளையெல்லாம் காட்டும். அதைப் பார்த்துப் பதறி, உண்மையான எஃப்எஸ்செக்கை ஓட்டுவது அடுத்த தவறு. டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் இருந்தால் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையை உறைய வைத்த பிம்பம்) எடுத்து அதன் மேல் ஓட்டுங்கள்.

இன்னொன்று. எஃப்எஸ்செக் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லா ஃபைல் சிஸ்டத்திலும் அது ஒரே பொருள் அல்ல. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் எஃப்எஸ்செக் பொதுவாக எதுவுமே செய்யாது, எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர்தான் கருவி. ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) பாக்கி இருந்தால் அது வேலை செய்ய மறுத்து, முதலில் மவுண்ட் செய்து ஜர்னலை ஓடவிடச் சொல்லும். ஜர்னலைத் துடைக்கும் ‘-எல்’ (பெரிய எழுத்து) ஆப்ஷன் கடைசிக் கட்டத்துக்கானது. இணையத்தில் அதை முதல் வரியிலேயே எழுதி வைத்திருப்பார்கள், கேட்காதீர்கள். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் செக் கட்டளையின் ரிப்பேர் ஆப்ஷனை, அதை எழுதிய டெவலப்பர்களே எச்சரிக்கையோடுதான் வைத்திருக்கிறார்கள். அங்கே முதலில் ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது), அது போதாவிட்டால் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து தரவை வெளியே எடுப்பது, அதுவும் முடியாவிட்டால் ரிஸ்டோர் கட்டளை என்று போகலாம்.

நகல் எடுத்துவிட்டு நகலில் வேலை செய்வது

என் வாக்கு இதற்கே. இதன் விலை நேரமும் இடமும். 4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் பிடிக்கும். சர்வர் நின்றிருக்கும்போது ஏழரை மணி நேரம் என்று சொன்னால் மேலாளர் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். இருந்தாலும், நகல் கையில் இருக்கும்போது மற்ற நான்கு வழிகளையும் பயமில்லாமல் முயலலாம். வேறு எந்த வழிக்கும் அந்தக் குணம் இல்லை.

டிஸ்க்கில் பழுதான செக்டர்கள் இருந்தால் சாதாரண நகலெடுக்கும் கட்டளையான டிடிக்குப் பதிலாக க்னூ டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்துங்கள். முதலில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை அள்ளிக்கொண்டு, பிடிவாதம் பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே நின்றது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் இடையில் நிறுத்தித் தொடரவும் முடியும். சாகப்போகும் டிஸ்க்குக்கு இந்த வரிசை முக்கியம்.

முழு நகலுக்கு இடமே இல்லை என்றால் மெட்டாடேட்டாவை (ஃபைல்களின் பெயர், இடம் போன்ற விவரங்கள்) மட்டும் எடுக்கலாம். இஎக்ஸ்டி4-க்கு இ2இமேஜ், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ்-மெட்டாடம்ப். தரவு வராது, ஆனால் ஃபைல் சிஸ்டத்தின் எலும்புக்கூடு அப்படியே வரும். எஃப்எஸ்செக் என்ன செய்யும் என்பதை அதில் ஒத்திகை பார்க்கலாம். எக்ஸ்எஃப்எஸ்-மெட்டாடம்ப் பெரும்பாலான ஃபைல் பெயர்களைத் தானாகவே மறைத்துவிடுவதால் டெவலப்பர்களுக்கு அனுப்பவும் அதிகம் தயங்க வேண்டியதில்லை.

இதற்கும் நேரமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று: டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட். அசல் டிஸ்க்கைப் படிக்க மட்டும் வைத்து, எழுதுபவை எல்லாம் வேறோர் இடத்தில் சேருமாறு மேலே ஒரு அடுக்கைப் போட்டு, அந்த அடுக்கின் மேல் எஃப்எஸ்செக்கை ஓட்டலாம். பிடிக்கவில்லையா, அடுக்கைத் தூக்கி எறிந்துவிடலாம். இ2எஃப்எஸ்செக்கிலேயே ‘-இசட்’ ஆப்ஷன் கொடுத்தால் மாற்றும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய வடிவத்தையும் தனி ஃபைலில் வைக்கும். இ2அண்டூவால் திரும்பிப் போகலாம்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அசலும் பிளாக் அளவிலான நகலும் ஒரே இயந்திரத்தில் ஒரே நேரத்தில் கெர்னலுக்குத் தெரியக்கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் எதில் எழுதுவது என்று குழம்பி இரண்டையும் கெடுக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் இதே நிலையில் இரண்டாவதை மவுண்ட் செய்ய மறுத்துவிடும். அங்கே ஆபத்து குறைவு.

வன்பொருளைச் சந்தேகிப்பது

டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் படிப்பது எதையும் அழிக்காது, ஒரு நிமிட வேலை. அதனால் நகல் எடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். சாட்டா டிஸ்க்கில் நான் பார்ப்பது நான்கு எண்கள்: 5, 197, 198, 199. முதல் மூன்றும் செக்டர்களைப் பற்றியவை. 199 கேபிள் வழியே வரும்போது கெட்டுப்போன பரிமாற்றங்களின் எண்ணிக்கை. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே அது 300 என்று காட்டுவதால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. நேற்று 300, இன்று 340 என்றால் கேபிளை மாற்றுங்கள். டிஸ்க்கை மாற்ற வேண்டாம். என்விஎம்இ டிஸ்க்குகளில் இந்த எண்கள் இருக்காது. அங்கே மீடியா, தரவு ஒருமைப்பாட்டுப் பிழைகளுக்கான கணக்கைப் பாருங்கள்.

ஸ்மார்ட் சுத்தமாக இருப்பதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழுக்காக இருந்தால் நம்பலாம்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க ஓட வேண்டும். அதற்கு முன்பே லாகில் ஒரு குறிப்பு கிடைக்கலாம். பிடிஆர்எஃப்எஸ் போன்றவை எதிர்பார்த்த மதிப்பையும் கிடைத்த மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும். இரண்டையும் இரும எண்ணாக எழுதிப் பார்த்து, ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் ரேம் மேல் சந்தேகம் வலுக்கிறது. மென்பொருள் பிழைகள் இவ்வளவு நேர்த்தியாக ஒரு பிட்டை மட்டும் தொடுவது அபூர்வம். இந்த ஐந்து நிமிடக் கணக்கு சில நேரம் ஓர் இரவுச் சோதனையை மிச்சப்படுத்தும். ஆனால் செக்சம் (தரவு மாறியதா என்று பார்க்க அதிலிருந்தே கணக்கிடும் எண்) மதிப்புகளில் இந்த வித்தை பலிக்காது; அங்கே உள்ளே ஒரு பிட் மாறினாலும் செக்சம் முழுவதும் வேறாகிவிடும்.

கெர்னலைச் சந்தேகிப்பது

“கெர்னலில் பிழை இருக்காது, உன் டிஸ்க்கைப் பார்” என்ற அறிவுரை பெரும்பாலும் சரி. பெரும்பாலும்தான்.

2018 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 4.19-க்கு மாறியவர்களில் சிலருக்கு இஎக்ஸ்டி4 பிழைகள் வரத் தொடங்கின. ஐனோடு செக்சம் தவறு, டைரக்டரி கெட்டுவிட்டது என்று எல்லாச் செய்திகளிலும் இஎக்ஸ்டி4 பெயர்தான். அதனால் சந்தேகமும் அங்கேதான் போனது. பலரால் பிழையை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. அவர்கள் வன்பொருள் என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. கடைசியில் டிசம்பரில் தெரிந்தது, குற்றவாளி இஎக்ஸ்டி4-க்குக் கீழே இருக்கும் பிளாக் அடுக்கு. டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலராக ‘நன்’ என்பதை வைத்திருந்தவர்களுக்கு, சாதனத்துக்கு நேரடியாக அனுப்ப முயன்று, அது ஏற்காமல் திரும்பி வந்த கோரிக்கை, வரிசையில் நிற்கும்போது வேறொரு கோரிக்கையோடு ஒட்டப்பட்டுவிட்டது. தரவு இடம் மாறியது. திருத்தம் 4.19.8-இல் வந்தது. சத்தம் போட்டது செக்சம் சரிபார்த்த இஎக்ஸ்டி4. கெடுத்தது அதன் கீழிருந்த அடுக்கு. பிழைச் செய்தியில் இருக்கும் பெயர், கண்டுபிடித்தவரின் பெயர் மட்டுமே.

2023 டிசம்பரில் இன்னொன்று. 6.1 வரிசையின் நிலையான கெர்னலுக்கு ஒரு இஎக்ஸ்டி4 திருத்தத்தை பேக்போர்ட் செய்தபோது (புதிய பதிப்பிலிருந்து பழையதற்குக் கொண்டுவந்தபோது), அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய வேறொரு மாற்றம் சேர்க்கப்படவில்லை. 6.1.64-இல் டைரக்ட் ஐஓ வழியாக (கெர்னலின் இடைநினைவகத்தைத் தவிர்த்து நேரடியாக) எழுதும் தரவு கெடக்கூடும் என்று தெரிந்ததும் டெபியன் 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்து, சரிசெய்த 6.1.66 கெர்னலோடு 12.4-ஐ வெளியிட்டது. “நிலையான” வரிசைதானே, அதை அப்டேட் செய்ததைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

சரி, கெர்னலைச் சந்தேகித்தால் செய்யக்கூடியவை மூன்று. பழைய கெர்னலில் பூட் செய்வது மலிவு, ஆனால் அது அரைகுறைச் சான்று. ஏற்கெனவே கெட்டுப்போன மெட்டாடேட்டா டிஸ்க்கில் இருந்தால் பழைய கெர்னலும் அதே பிழையைத்தான் சொல்லும். அதைப் பார்த்து “கெர்னல் இல்லை போல” என்று முடிவுகட்டிவிடுவார்கள். புதிதாக ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் இரண்டு கெர்னலையும் ஒப்பிட்டால்தான் விடை நம்பத்தக்கது.

எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் இரண்டாவது. ஒரு கெர்னல் பதிப்புக்குப் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் சேரும். பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் 14 முறையில் குற்றவாளி மாற்றம் கிடைக்க வேண்டும். பிழையை அரை மணி நேரத்தில் வரவழைக்க முடிந்தால் இது அருமை. எப்போதாவது தலைகாட்டும் பிழை என்றால் நரகம். “நல்லது” என்று தவறாகக் குறித்த ஒரே ஒரு படி, தேடலைத் தவறான பாதிக்குள் தள்ளிவிடும். கடைசியில் ஏதோ ஒரு சவுண்ட் டிரைவர் மாற்றத்தைக் குற்றவாளி என்று காட்டும். பிழை வழக்கமாக வர எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அதைப்போல நான்கைந்து மடங்கு நேரம் ஓடிய பிறகே “நல்லது” என்று குறியுங்கள். தூக்கி எறியக்கூடிய டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள்.

மூன்றாவது, எஃப்ட்ரேஸ், பிபிஎஃப்ட்ரேஸ், பிளாக்ட்ரேஸ் ஆகிய கண்காணிப்புக் கருவிகளைக் கொண்டு ஓடும் கெர்னலைக் கவனிப்பது. சேதம் எப்போதோ நடந்து முடிந்திருந்தால் இதனால் பயனில்லை. ஆனால் ஒரு புரோகிராம் மட்டும் பிழை வாங்குகிறது, லாகில் ஒரு வரிகூட இல்லை என்றால் இதைப்போல வேறில்லை: எந்தச் செயல்கூறு அந்த எண்ணை முதலில் திருப்பியது என்பதை நேரடியாகக் காணலாம். அதற்கும் முன்பு, புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ். பாதிப் புதிர்கள் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

செய்தியே வராத வகையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2023 நவம்பரில் ஓபன்இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் 2.2.0 பதிப்பில், நகலெடுத்த சில ஃபைல்களுக்குள் பூஜ்யங்கள் நிரம்பியிருந்தன. செக்சம் எல்லாம் சரி, ஸ்க்ரப் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது: அப்போதுதான் எழுதிய ஃபைலில் தரவு இருக்கும் இடத்தை “வெற்றிடம்” என்று ஃபைல் சிஸ்டம் தவறாகச் சொல்ல, நகலெடுக்கும் கட்டளை அதை நம்பிப் பூஜ்யங்களை எழுத, அந்தப் பூஜ்யங்களுக்குச் சரியான செக்சம் போடப்பட்டது. முதலில் புதிதாக வந்த பிளாக் குளோனிங் வசதி (நகலுக்கும் அசலின் பிளாக்குகளையே பகிர்வது) மேல் பழி விழுந்தது. பிறகுதான் பிழை அதைவிடப் பழையது என்று தெரிந்து 2.2.2, 2.1.14 இரண்டிலும் திருத்தினார்கள். செக்சம் உள்ள ஃபைல் சிஸ்டம் என்பதால் ஸ்க்ரப் முடிவை இறுதித் தீர்ப்பாக வைத்துக்கொள்பவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம். இங்கே உதவியிருக்கக்கூடியது, ஃபைல்களின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஃபைல் சிஸ்டத்துக்கு வெளியே தனியாக வைத்து ஒப்பிடுவது மட்டுமே.

ஃபார்மேட், பேக்கப், முடிந்தது

இதைச் சோம்பேறி வழி என்று ஏளனம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. சரிபார்த்த பேக்கப் இருந்தால், எஃப்எஸ்செக் ஒட்டுப்போட்ட ஃபைல் சிஸ்டத்தைவிடப் புதிதாக ஃபார்மேட் செய்தது எப்போதும் நம்பகமானது. பெரிய டிஸ்க்கில் பழுதுபார்ப்பதைவிட வேகமாகவும் முடியலாம். சேவையை உடனே எழுப்பியாக வேண்டும், இயந்திரங்கள் பல இருக்கின்றன என்றால், வேறொரு இயந்திரத்தில் மீட்டுக்கொண்டு பிரச்சினைக்குரியதை ஓரமாக நிறுத்தி வைப்பதே மற்ற எல்லாவற்றையும் விடச் சிறந்தது; சேவையும் எழுந்துவிடும், தடயமும் அப்படியே இருக்கும்.

ஒரே இயந்திரம், ஒரே டிஸ்க் என்றால் கணக்கு மாறும். அதே ரேம், அதே கேபிள், அதே கெர்னல் மேல் மீட்ட தரவு மறுபடியும் கெடலாம், இந்த முறை பேக்கப்பும் சேர்ந்து. இரவில் தானாக ஓடும் பேக்கப், கெட்ட ஃபைலை நல்லதன் மேல் எழுதிவிட அதிக நாள் பிடிக்காது. ஆகவே மீட்கும் முன் அந்த ஏற்பாட்டை நிறுத்துங்கள், பழைய பதிப்புகள் தானாக அழியாதபடி செய்யுங்கள், மெம்டெஸ்ட் ஓர் இரவு ஓடட்டும், கெர்னலைப் பிழை வருவதற்கு முன்பு வெகுநாள் ஓடிய பதிப்பில் நிறுத்துங்கள். புதிய டிஸ்க் ஒன்று வாங்க முடிந்தால் மீட்பை அதில் செய்துவிட்டு, பழையதைக் கழற்றி, தேதியும் கெர்னல் பதிப்பு எண்ணும் எழுதிய சீட்டு ஒட்டி வையுங்கள். டிமெசேஜ் நகலும் டியூன்2எஃப்எஸ் வெளியீடும் அதனோடு இருந்தால், அதே பிழையை வேறு யாராவது புகார் செய்யும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்று இருக்கும்.